அவருக்குத் தெரியும்

நேயர்களுக்கு வணக்கம். மறைந்த ஒரு போலீஸ்காரரைப் பற்றிப் பேசத்தான் அழைத்திருக்கிறார்கள். நான் பட்டாளத்தில் சிக்னல் பிரிவில், அதாவது தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தவன். பேச்சு அடிக்கடி அந்தப் பக்கம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவரும் சிக்னல்காரர்தான்.

துக்காராம் ஓம்ப்ளே. மகாராஷ்டிரத்தில் சாத்தாரா மாவட்டத்துக்காரர். ராணுவத்தில் நாயக் என்ற பதவியில் ஓய்வு பெற்று, 1991-இல் மும்பை போலீசில் சேர்ந்தார். எங்களைப் போன்ற சிப்பாய்கள் நாற்பதை ஒட்டி ஊர் திரும்பிவிடுவோம். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். பென்ஷனை மட்டும் நம்பி உட்கார முடியாது. ஏடிஎம் வாசலில், அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் முறுக்கு மீசையோடு ஒருவர் விறைப்பாக நிற்பாரே, அவரிடம் பேசிப் பாருங்கள், எங்கள் ஆளாக இருப்பார். ஓம்ப்ளேவுக்குக் கிடைத்தது இன்னொரு காக்கி.

2008 நவம்பர் 26 இரவு, மும்பைத் தாக்குதல். அஜ்மல் கசாப், இஸ்மாயில் கான் என்ற இரண்டு பயங்கரவாதிகள் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டார்கள். அப்புறம் காமா மருத்துவமனைப் பக்கம் போனார்கள். ஹேமந்த் கர்கரே, அசோக் காம்ட்டே, விஜய் சாலஸ்கர் என்று பெரிய அதிகாரிகள் மூவர் அங்கேதான் இறந்தார்கள். பிறகு ஒரு ஸ்கோடா காரைப் பறித்துக்கொண்டு கிர்காவ் சௌபாத்தி கடற்கரைப் பக்கம் வந்தார்கள். அங்கே சாலையில் போலீஸ் தடுப்பு. நம் ஊரில் ராத்திரி வண்டியை ஓரங்கட்டச் சொல்வார்களே, அதுபோல ஒன்று. கார் தடுப்புக்கு முன்னாலேயே நின்று, திரும்பப் பார்த்து, சாலை நடுவே இருக்கும் தடுப்பில் இடித்தது. இஸ்மாயில் சுடப்பட்டு விழுந்தான். கசாப் ஏகே துப்பாக்கியோடு இருந்தான். ஓம்ப்ளே அவனை நோக்கிப் போனார். கையில் லத்தி. லத்தி மட்டும்தான்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். பயிற்சிக் காலத்தில் ஒருநாள், சுட்டு முடித்த கையோடு துப்பாக்கியைத் தூக்கும்போது என் கை பேரலில், அதாவது குண்டு வெளியே வரும் குழலில் பட்டுவிட்டது. உள்ளங்கை கொப்பளித்து, ஒரு வாரம் கரண்டியால் சோறு சாப்பிட்டேன். பயிற்சி கொடுத்த எங்கள் உஸ்தாத்துக்கு ஒரே சிரிப்பு. இரக்கமே கிடையாது அந்த மனிதருக்கு. சரி, எதற்குச் சொல்கிறேன் என்றால், பேரலைத் தொடவே கூடாது, அதன் எதிரே நிற்கவே கூடாது என்பது எங்களுக்கு உடம்பிலேயே பதிந்துபோன பாடம். ஓம்ப்ளே அந்தப் பேரலைத்தான் இரண்டு கையாலும் பிடித்தார். கசாப் சுட்டுக்கொண்டே இருந்தான். அவர் விடவில்லை. மற்ற போலீசார் பாய்ந்து கசாப்பை அமுக்கும்வரை விடவில்லை.

வேகத்தில், விவரம் புரியாமல் பாய்ந்துவிட்டார் என்று என்னிடமே ஒருவர் சொன்னார், டீக்கடையில். எனக்குக் கோபம் வந்துவிட்டது. விவரம் தெரியாதவரா? எத்தனை வருடம் துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு வைத்த கை அது! அந்த முனையில் என்ன வரும், எவ்வளவு வேகத்தில் வரும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பிடித்தார். இதை எங்கே பேசினாலும் சொல்வேன், இன்றைக்கும் இரண்டு தடவை சொல்கிறேன்: அவருக்குத் தெரியும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வழக்கு விசாரணையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அந்தத் தாக்குதலில் உயிரோடு பிடிபட்டவன் கசாப் ஒருவன்தான். திட்டம் எங்கே போட்டார்கள், கடல் வழியாக எப்படி வந்தார்கள் என்பதை அவன் வாயிலிருந்தே கேட்க முடிந்தது. நீதிமன்றங்கள் விசாரித்து, 2012 நவம்பரில் புனே எரவாடா சிறையில் தூக்கிலிட்டார்கள். ஓம்ப்ளேவுக்கு 2009 குடியரசு தினத்தன்று அசோக சக்கரம்.

இன்னும் ஒன்று. சுவரில் ஈயைப் பார்த்துப் பதுங்கிப் பாயுமே குட்டிச் சிலந்தி, அந்த வகையில் மகாராஷ்டிரத்தில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள் 2021-இல் அதற்கு இவர் பெயரை வைத்தார்கள். ஐசியஸ் துக்காராமி. அது வலை கட்டிக் காத்திருக்காமல்... சரி, நேரம் முடிந்துவிட்டதாம். வணக்கம்.