இட்லியை விட வேண்டாம், மாவோட அளவை மாத்துங்க

எல்லாருக்கும் வணக்கம். சுகர் இருக்கு, காலையில இட்லி சாப்பிடலாமா கூடாதா? இன்னைக்கு அதைத்தான் தராசை வச்சே பார்க்கப் போறோம்.

இதோ, சாதாரண வீட்டு இட்லி ஒண்ணு. 40 கிராம் காட்டுது பாருங்க. இதுல மாவுச்சத்து சுமாரா 10லேர்ந்து 12 கிராம், புரதம் 2 கிராம்கூட முழுசா வராது. நாலு இட்லின்னா மாவுச்சத்து 45 கிராமுக்குப் பக்கம். ஹோட்டல் இட்லி பலது 60 கிராமுக்கு மேல இருக்கும், அதனால எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. ஒரே ஒரு தடவை தராசுல வச்சுப் பாருங்க, அப்புறம் கண்ணே அளவு சொல்லிடும்.

ஏன் காலைச் சாப்பாட்டை இவ்வளவு பார்க்கணும்னா, விடியக்காலையில உடம்புல கார்டிசால் மாதிரி ஹார்மோன் ஏறும், இன்சுலின் வேலை கொஞ்சம் மந்தமாகும். அதே நாலு இட்லி ராத்திரியை விட காலையில சுகரை அதிகமா ஏத்துறது நிறைய பேருக்கு நடக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட (ஐ.சி.எம்.ஆர்) 2023ல வந்த இன்டியாப் ஆய்வுப்படி தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய். ஏழு பேர்ல ஒருத்தர்னு வச்சுக்கோங்க. அதனால அப்பாவுக்கு மட்டும் தனியா ஏதோ செய்யறதை விட, வீட்டு மாவையே மாத்திடறது நல்லது.

வழக்கமா 4 கப் அரிசிக்கு 1 கப் உளுந்து போடுவோம். இதை 2 கப் இட்லி அரிசிக்கு 1 கப் உளுந்துன்னு மாத்துங்க. 100 கிராம் உளுந்துல புரதம் 23 கிராம் கிட்ட இருக்கு, அரிசியில 7, 8 தான். ஆனா இங்கதான் பலர் கெடுத்துக்கறாங்க. உளுந்து கூடினா இட்லி தட்டையா, பிசுபிசுன்னு வரும். அரிசியையும் நைஸா அரைச்சு, தண்ணியும் தாராளமா விட்டிருந்தா கண்டிப்பா அப்படித்தான் ஆகும். உளுந்தை ஒரு மணி நேரம் ஊறினதும் எடுங்க, குளிர்ந்த தண்ணி தெளிச்சுத் தெளிச்சு அரைங்க. அரிசியைத் தனியா, விரல்ல தேய்ச்சா நைஸ் ரவை மாதிரி நறநறன்னு இருக்கும்போதே நிறுத்துங்க. மாவு கரண்டியிலேர்ந்து கட்டியா விழணும், ஒழுகக்கூடாது.

வெந்தயம் போடலாம், இட்லி மெத்துன்னு வரும். ஆனா 1 ஸ்பூன் வெந்தயம் போட்டாச்சுன்னு ஆறு இட்லி சாப்பிடக்கூடாது. சிறுதானிய இட்லியும் அப்படித்தான். தினை, சாமையிலயும் மாவுச்சத்து நிறையவே இருக்கு. பாலிஷ் போட்டதுன்னா நார்ச்சத்தும் போயிடும்.

தட்டுல மூணு இட்லி வைங்க. பக்கத்துல ஒரு கிண்ணம் கெட்டி சாம்பார், ஆளுக்கு 25 கிராம் பருப்பாவது போட்டு, கத்தரிக்காய், முருங்கைக்காய், வெண்டைக்காய்னு காய் நிறைய. தண்ணி சாம்பார்ல குளிக்கிற இட்லி ருசிதான், ஆனா அதுல பருப்பு எங்க இருக்கு? ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் பயறு சுண்டலோ சேர்த்துக்கோங்க. முதல்ல காயும் சுண்டலும், கடைசியில இட்லி. இந்த வரிசையில சாப்பிட்டாலே சுகர் மெதுவா ஏறும்.

இட்லியை விட நான் அடைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். அரிசி 100 கிராம், கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, பச்சைப்பயறு மூணும் சேர்ந்து 200 கிராம். நாலு மணி நேரம் ஊற வச்சு, மிளகாய், சோம்பு, இஞ்சி போட்டு கொரகொரப்பா அரைங்க. பருப்பு அங்கங்க அரைபடாம தெரியணும், அதுதான் பதம். முருங்கைக்கீரை ரெண்டு கைப்பிடி. பத்து அடை வரும், ஒண்ணுல மாவுச்சத்து 18 கிராம் கிட்ட, புரதம் 5 கிராம். ரெண்டு அடையில வயிறு நிறைஞ்சிடும். அவியல் நல்ல ஜோடி. வெல்லம் வேண்டாமே.

பொங்கல்னா அரிசியும் பாசிப்பருப்பும் சரிக்குச் சரி போட்டு, குழைய விடாம இறக்குங்க. குழையக் குழைய செரிமானம் வேகமாகும், சுகரும் வேகமா ஏறும். அதே காரணத்துக்காகத்தான் கேப்பைக் கஞ்சி பத்தியும் சொல்லணும். சுகருக்கு நல்லதுன்னு டம்ளர் டம்ளரா குடிக்கிறாங்க. நைஸ் மாவு, நல்லா கொதிச்சது, மெல்லவும் வேண்டாம்னா வேகமா ரத்தத்துல கலந்திடும். அதே கேப்பை மாவுல கீரை, வெங்காயம் போட்டு அடையா தட்டுங்க.

காபியில 2 ஸ்பூன் சர்க்கரை போட்டா ஒரு இட்லி கூட சாப்பிட்ட கணக்கு. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டிக்கும் அதே கணக்குதான்.

உங்க உடம்புக்கு எது ஒத்துக்குதுன்னு குளுக்கோமீட்டர்தான் சொல்லும். சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு, முதல் வாய் வச்ச நேரத்திலேர்ந்து சரியா ரெண்டு மணி நேரத்துல ஒண்ணு. சாப்பிட்டு முடிச்ச நேரத்திலேர்ந்து எண்ணாதீங்க. கையை சோப்பு போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைங்க, விரல்ல இனிப்பு ஒட்டியிருந்தா எண் பொய் சொல்லும். ரெண்டு மணி நேரத்துல 180க்குள்ள இருக்கறது பொதுவான இலக்கு, உங்களுக்கு டாக்டர் வேற எண் சொல்லியிருந்தா அதுதான். 180 தாண்டினா மறுநாள் ஒரு இட்லியைக் குறைச்சு, அதே சாம்பாரோட மறுபடி பாருங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினா எதனால குறைஞ்சதுன்னே தெரியாது.

ஒரு முக்கியமான விஷயம். இன்சுலினோ, உடம்புல இன்சுலினைச் சுரக்க வைக்கற கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கறவங்க திடீர்னு இட்லியைப் பாதியாக் குறைக்காதீங்க, மருந்து அதே அளவுல இருக்கும், சுகர் கீழ இறங்கிடும். டாக்டர்கிட்ட சொல்லிட்டு மாத்துங்க. வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மீட்டர் 70க்குக் கீழ காட்டினா அப்போ மட்டும் 3 ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சு, 15 நிமிஷத்துல திரும்பப் பாருங்க. இன்னும் ஏறலைன்னா மறுபடி அதே அளவு குடிங்க. மயக்கமா இருக்கறவங்க வாயில மட்டும் எதையும் ஊத்தாதீங்க, உடனே 108க்குப் போன் பண்ணுங்க.