மேளத்துக்கு மட்டும் ஏன் பேரம்?

வணக்கம் மக்களே, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது பசார் மாலம், அதாவது இரவுச் சந்தை ஜெனரேட்டர், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குக் கணக்குப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கூடாரம் போடுகிறவர் சொன்ன விலை அப்படியே நோட்டில் ஏறும். சாப்பாட்டுக்காரருக்கு முன்பணம் போய்விடும். உருமி மேளத்துப் பையன்கள் வந்தால் மட்டும், "நம்ம பிள்ளைங்கதானே, பார்த்துச் செய்யுங்கப்பா" என்று ஆரம்பிப்போம். தோல் கிழிந்தால் யார் மாற்றுவது? வேன் வாடகை, எண்ணெய்ச் செலவு யார் தலையில்? இரவெல்லாம் காவடிக்கு அடித்துவிட்டு, விடிந்ததும் தொழிற்சாலை ஷிஃப்டுக்கு ஓடுகிறவர்கள் அவர்கள். சுற்றி நிற்கிற நாமெல்லாம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கிறோம், அதோடு சரி.

"அவங்க பாட்டை ஸ்பாட்டிஃபைல கேக்குறோமே, போதாதா?" என்பீர்கள். போதாது. நாம் கட்டும் சந்தாவெல்லாம் ஒரே உண்டியலில் விழுகிறது. மொத்தமாகக் கேட்கப்பட்டதில் ஒரு பாட்டின் பங்கு எவ்வளவோ, அந்த அளவில்தான் காசு பிரியும். மாதம் முழுக்க நீங்கள் நம் ஊர்ப் பாடகரை மட்டும் கேட்டாலும் உங்கள் சந்தா அவர் கைக்குப் போகாது. 2024-லிருந்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: 12 மாதத்தில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே பங்கே இல்லை. யூடியூபில் நீளமான வீடியோ போட்டு விளம்பரக் காசு வாங்க 1,000 சந்தாதாரர்களும், ஓர் ஆண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். தோட்டத்துக் குழுவுக்கு அது லேசில் வருமா?

அதனால் நான் சொல்வது நேரடிக் காசு. அப்பம் பாலிக் விற்கிறவர் தள்ளுவண்டியில், கைப்பேசியால் ஸ்கேன் செய்து காசு அனுப்புகிற டுயிட்நவ் கியூஆர் ஒட்டியிருக்கிறார். மேளக்குழு ஏன் தன் பெட்டியில் ஒட்டக்கூடாது? ஒட்டுங்கள் தம்பிகளா. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. கேட்டால் கொடுப்பார்கள்.

கொடுக்கிறவர்களுக்கு: கடன் அட்டை பாக்கி இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். மிச்சத்தில் மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) கலைக்கென்று ஒதுக்கினால் போதும். பத்து வெள்ளியால் என்ன ஆகும் என்று மட்டும் இந்த ஊரில் கேட்காதீர்கள். பெரிய ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், இதே சுங்கை சிப்புட்காரரும் அன்றைய அமைச்சருமான துன் வீ.தி.சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுத்த தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் கட்டித்தான் அந்தச் சங்கம் தோட்டங்களையே வாங்கியது.

சரி, வாங்குகிற கலைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு இபிஎஃப் என்கிற ஓய்வுக்காலச் சேமநிதி கட்ட முதலாளி இல்லை. சொந்தமாகச் சம்பாதிக்கிறவர்களுக்கு இபிஎஃப் வைத்திருக்கிற ஐ-சரான் திட்டத்தில் பதிந்துவிட்டு நீங்களே போடலாம். 2025-லிருந்து போடுகிற தொகையில் 20 விழுக்காட்டை அரசாங்கம் சேர்த்துக் கொடுக்கிறது, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை. அதாவது 2,500 போட்டால் முழு 500-ம் உங்களுக்குத்தான். மாதாமாதம் கட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. திருவிழா சீசனில் கையில் காசு புரளும்போது, புது ஸ்பீக்கர் பார்க்கப் போவதற்கு முன்னால், அதில் கொஞ்சம் போட்டுவிட்டுப் போங்கள்.