போதகரின் தாள்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு போதகர் காலமானால் அவருடைய தாள்கள் இரண்டாகப் பிரிகின்றன. ஞானஸ்நானப் பதிவேடும் சபைக் கூட்டக் குறிப்புகளும் ஆலய அலமாரிக்குப் போகின்றன. கடிதங்களும் நாட்குறிப்பும் வீட்டுப் பரணுக்குப் போகின்றன. பரணில் ஏறியவற்றின் கதி உங்களுக்கே தெரியும். இரண்டும் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறேன். இன்றும் அதையே சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ராபர்ட் வோட்ரோ என்றொரு ஸ்காட்லாந்துக்காரர், பிரஸ்பிட்டேரியன் போதகர்; அதாவது பிஷப்புகள் இல்லாமல் போதகர்களும் மூப்பர்களும் சேர்ந்து நடத்தும் திருச்சபையைச் சேர்ந்தவர். 1703-இல் கிளாஸ்கோவுக்கு அருகே ஈஸ்ட்வுட் என்ற நாட்டுப்புறச் சபைக்குப் போதகராக வந்தார். பெரிய ஊர்ச் சபைகள் அழைத்தும் போகவில்லை. 1734-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

அவர் பிறந்த கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. ஆண்டு 1679. மன்னர் இரண்டாம் சார்லஸ், திருச்சபையின்மேல் பிஷப்புகளை அமர்த்தியிருந்த காலம். அதை ஏற்காதவர்கள் வெட்டவெளியில் கூடி வழிபட்டார்கள். பிடிபட்டால் அபராதம், சிறை, சிலருக்குத் தூக்கு. ராபர்ட்டின் தந்தை ஜேம்ஸும் தேடப்பட்டவர். மனைவிக்குப் பிரசவ வேளை என்பதால் துணிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். சிப்பாய்களும் வந்துவிட்டார்கள். பிரசவம் பார்க்க வந்திருந்த மருத்துவருடைய வேலைக்காரனின் உடுப்பை அணிந்து, கையில் லாந்தரைப் பிடித்து, மருத்துவருக்கு வழி காட்டுகிறவரைப்போல அந்தச் சிப்பாய்களைக் கடந்து வெளியேறினார் ஜேம்ஸ். அந்தக் குடும்பம் வழிவழியாகச் சொல்லிவந்த கதை இது.

அந்த வீட்டுப் பிள்ளைதான் வளர்ந்து, அந்தத் துன்பகாலத்தின் வரலாற்றை 1721, 1722-இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். அரசவைப் பதிவுகளை நகலெடுத்தார். பிற போதகர்களுக்கு எழுதி, அந்தந்த ஊரில் நடந்ததைக் கேட்டு வாங்கினார். 1685-இல் ஸ்காட்லாந்தின் விக்டவுன் என்ற ஊரில் இரண்டு பெண்களைக் கடலோரத்தில் கம்பங்களில் கட்டி, ஏறுகிற அலையில் மூழ்கடித்த கொடுமையை அவர் எழுதினார். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒருவர் வாதிட்டார். அவருக்கு மறுமொழியாக எடுத்துக் காட்டப்பட்டது எது தெரியுமா? அந்த வட்டாரத்துச் சபை மூப்பர்கள் 1711-இல் எழுதி வைத்திருந்த கூட்டக் குறிப்பு! எந்த ஊர்ச் சபையின் பழைய நோட்டையும் எடைக்குப் போடாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

அப்படியானால் வீட்டுக் கடிதங்கள் எதற்கு? எடின்பரோவில் திருச்சபையின் பொதுச்சபை கூடும்போதெல்லாம் வோட்ரோ தம் மனைவி மார்கரெட்டுக்குக் கடிதம் எழுதினார். யார் எழுந்து என்ன பேசினார், எந்த வழக்கு எப்படித் திரும்பியது என்பதெல்லாம் அவற்றில் இருக்கின்றன. மனைவிக்கு எழுதியது ஆதலால் பரணுக்கு என்று ஒதுக்கியிருந்தால் திருச்சபை வரலாறே இளைத்திருக்கும். எது வீடு, எது சபை? அந்தத் தாள்களில் பிரிக்கவே முடியாது. மறுபடியும் சொல்கிறேன், பிரிக்காதீர்கள்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். வோட்ரோ புதைபடிவக் கற்களைச் சேர்த்து, ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தின் எட்வர்ட் லூயிடுக்குக் கடிதம் எழுதியதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், இயலவில்லை. கடைசியாக ஒரு செய்தி. அவருடைய குறிப்பேடுகள் 1842, 1843-இல்தான், அவர் மறைந்து நூறாண்டுக்குமேல் கழித்து, நான்கு தொகுதிகளாக அச்சேறின. கையெழுத்துப் படிகளில் பெரும்பகுதியை எடின்பரோவிலுள்ள தேசிய நூலகத்தில் இன்றும் பார்க்கலாம். நன்றி, வணக்கம்.