வளைவின் வாசல்

வணக்கம் நேயர்களே. மேசைமேல் ஓடும் மாதிரி ரயிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இரட்டைத் தண்டவாள ரயில். ஒரு தண்டவாளத்தில் மின்சாரத்தின் ஒரு முனை, மற்றதில் மறுமுனை. அதிலும், இடம் போதாமல் வளைவை ஒடுக்கிப் போட வேண்டியவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு. மாதிரி ரயில் வைத்திருப்பவர்களில் இடம் போதும் என்று சொன்னவர் யார்?

முதலில் அளவு. எச்ஓ என்பது அசலில் 87-இல் ஒரு பங்கு, ஓஓ என்பது 76-இல் ஒரு பங்கு. இரண்டுக்கும் தண்டவாள இடைவெளி ஒன்றே, 16.5 மில்லிமீட்டர். ஓஓ செட்டுகளில் வழக்கமான வளைவுகளின் ஆரம் 371, 438, 505 மில்லிமீட்டர் என்று ஏறிக்கொண்டு போகும். வண்டி நம்பகமாக ஓட, உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியைப் போல் மூன்று மடங்கு ஆரம் வேண்டும். 140 மில்லிமீட்டர் சரக்குப் பெட்டிக்கு 420 போதும். 300 மில்லிமீட்டர் பயணிகள் பெட்டிக்கோ 900 கேட்கும். இரண்டு மடங்குக்கும் கீழே இறங்கினால் பெட்டியை மாற்றுங்கள். மேசையோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

வண்டி தடம் புரண்டதும் எல்லோரும் ஆரத்தைத்தான் திட்டுகிறார்கள். ஆரம் பாதிக் குற்றவாளிகூட இல்லை என்பது என் கட்சி. வண்டி பெரும்பாலும் விழுவது வளைவின் நடுவில் அல்ல, வளைவின் வாசலில். நேர்ப்பாதையிலிருந்து சட்டென்று 438-க்குள் நுழையும் இடத்தில் முன்பெட்டி திரும்பிவிட்டது, பின்பெட்டி இன்னும் நேராகவே நிற்கிறது. குறுகலான தெருமுனையில் பேருந்து திரும்பும்போது அதன் வால் எதிர்ப்பக்கம் வீசுகிறதே, அதே கதைதான். பெட்டியின் முனை வெளிப்பக்கம் வீசும், அதில் மாட்டிய கொக்கி அடுத்த பெட்டியைப் பக்கவாட்டில் இழுக்கும், சக்கரம் ஏறிவிடும்.

இதற்கு மருந்து, வாசலில் வளைவைப் படிப்படியாகத் தொடங்குவது. செட் தண்டவாளம், அதாவது வளைவு மாறாத தயார்த் துண்டுகள், வைத்திருப்பவர்கள் அரைவட்டத்தை முழுக்க 438 துண்டுகளால் போட வேண்டாம். முதலில் 22.5 பாகைக்கு ஒரு 505 துண்டு, பிறகு 45 பாகைத் துண்டு மூன்று 438-இல், கடைசியில் மறுபடி 22.5 பாகைக்கு ஒரு 505. கூட்டினால் 180 பாகை சரியாக வரும்.

வளைத்துப் போடும் நீளத் தண்டவாளம் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். 450 மில்லிமீட்டர் வளைவு என்றால், நேர்ப்பாதைக் கோட்டை வட்டத்தைத் தொடாமல் 8 மில்லிமீட்டர் வெளியே தள்ளி வரையுங்கள். வளைவு தொடங்கவேண்டிய இடத்துக்கு முன்னால் 150, பின்னால் 150, ஆக 300 மில்லிமீட்டரை ஒதுக்குங்கள். துவளக்கூடிய மெல்லிய மரச்சட்டத்தின் ஒரு முனையை நேர்க்கோட்டிலும் மறுமுனையை வளைவிலும் ஆணியடித்துப் பிடித்தால், நடுவில் சட்டம் தானாகவே சரியான வளைவை எடுத்துக்கொள்ளும். பென்சிலை ஓட்டுங்கள், அவ்வளவுதான். கணக்கு வேண்டாம். பலகையில் 8 மில்லிமீட்டர் போகிறதே என்று அழாதீர்கள்.

இடவளைவு முடிந்த கையோடு வலவளைவைத் தொடங்குவதும் இதே வாசல் தொல்லைதான், இரட்டிப்பாக. இடையில் குறைந்தது ஒரு நீளப்பெட்டி அளவுக்கு நேர்ப்பாதை விடுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: நீளப்பெட்டி அளவுக்கு.

அடுத்து இணைப்புகள். வளைவில் வெளித்தண்டவாளத்தின் உள்முகத்தைத்தான் சக்கர விளிம்பு உரசிக்கொண்டு போகும். அங்கே விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் சக்கரமும் தடுக்கும். சின்ன அரத்தால் அந்த முனையை லேசாகச் சீவிவிடுங்கள். நீளத் தண்டவாளத்தில் வளைவுக்குள் இணைப்பு விழுந்தால், இரண்டு துண்டுகளையும் நேராக வைத்துச் சால்டர் செய்துவிட்டு அப்புறம் வளையுங்கள். வளைத்தபின் சேர்த்தால் முழங்கை போலக் கோணலாக நிற்கும்.

வளைத்ததும் உள்தண்டவாளம் நீண்டு துருத்தும். எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? அரைவட்டத்துக்கு ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஆரம் பெரிதோ சிறிதோ, வித்தியாசம் அதே ஐந்து சென்டிமீட்டர்தான். ஒரே அச்சில் இறுகியிருக்கும் இரண்டு சக்கரங்கள் அந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் சறுக்கித்தான் தீர்க்க வேண்டும். சின்ன வட்டத்தில் அதைக் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே தீர்த்தாக வேண்டும். என்ஜின் வளைவில் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இப்படி இழுபடும் நீள வண்டியில் லேசான பெட்டி உள்பக்கமாகச் சாய்ந்து விழும். லேசானவற்றைப் பின்னால் கட்டுங்கள். எச்ஓ பெட்டிக்கு எடை 28 கிராம், அதோடு ஒவ்வொரு 25 மில்லிமீட்டர் நீளத்துக்கும் 14 கிராம். 150 மில்லிமீட்டர் பெட்டிக்குச் சுமார் 112 கிராம். எடையைத் தரைமட்டத்தை ஒட்டி ஒட்டவையுங்கள், கூரையில் அல்ல.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்குப் பின்னால் கை காட்டுகிறார்கள். மின்சாரத்தைச் சாவகாசமாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஓட்டமாகவே சொல்லிவிடுகிறேன். துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகட்டை நம்பாமல், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் இரண்டு தண்டவாளத்துக்கும் தனித்தனி வயர் கொடுங்கள். அழுக்கை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். வண்டி சுற்றிவந்து அதே பாதையில் எதிர்த்திசையில் சேரும் வளையம் போட்டால் இடதும் வலதும் மோதி ஷார்ட் ஆகும். வளையத்தின் இரு முனையிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டிப் பிரித்து, நடுப்பகுதிக்குத் தனியே ஒரு முனைமாற்று ஸ்விட்ச் வையுங்கள். அந்த நடுப்பகுதி உங்கள் மிக நீளமான வண்டியைவிட நீளமாக இருக்க வேண்டும். வணக்கம்.