ஒரு சோற்றுப் பதம் பார்க்கும் கம்பி

தலைமையேற்றிருக்கும் பேராசிரியப் பெருமகனார் அவர்களே, அரங்கை மனமுவந்து அளித்த முதல்வர் அம்மையார் அவர்களே, விடுமுறையையும் விட்டுக்கொடுத்து வந்திருக்கும் துறைத்தலைவர்களே, ஆய்வக உதவியாளர்களே, முதுகலை மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பிளாஸ்மா, அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து அயனிகளோடு கலந்து நிற்கும் வாயு. அதன் மறைப்பு, அலைவு, காந்த அடைப்பு என்று மூன்றைப் பற்றிப் பேச வந்தேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். மறைப்பு புரிந்தால் மற்றவை வசப்படும்.

அயனியான வாயுவெல்லாம் பிளாஸ்மா ஆகாது. உள்ளே ஒரு மின்னூட்டத்தை வைத்தால், எலக்ட்ரான்கள் சூழ்ந்து அதன் புலத்தை மறைக்க வேண்டும். எவ்வளவு தூரத்துக்குள் என்பதைச் சொல்வதே டிபை நீளம். எலக்ட்ரான்வோல்ட் என்ற ஆற்றல் அலகில் எலக்ட்ரான்களின் வெப்பநிலையை, கனமீட்டருக்கான எலக்ட்ரான் எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 7430-ஆல் பெருக்கினால் மீட்டரில் விடை. 2 எலக்ட்ரான்வோல்ட், 10¹⁵ எலக்ட்ரான் என்றால் 0.33 மில்லிமீட்டர். அந்த ஆரமுள்ள கோளத்துக்குள் ஒன்றரை லட்சம் எலக்ட்ரான்கள்! கலம் இந்த நீளத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும்.

பெயர் வந்த கதையைக் கேளுங்கள். 1920-களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகம். இர்விங் லாங்மியூர் மின்னிறக்கக் குழாயை ஆராய்கிறார். எலக்ட்ரான்களையும் அயனிகளையும் சுமந்து நிற்கும் அந்த வாயு, இரத்த அணுக்களைச் சுமக்கும் குருதி நீரை அவருக்கு நினைவூட்டியது. பிளாஸ்மா என்றார். இந்தப் புதுச் சொல்லைக் கேட்டு அறிவியல் உலகில் பலர் முகம் சுளித்தார்கள். ஆண்டுகள் பல கடந்துதான் பெயர் நிலைத்தது. ஆனால் அவர் பெயரைத் தேடி அலைந்தவர் அல்லர், அளந்தவர். பிளாஸ்மாவுக்குள் ஒரு கம்பியை நீட்டி, அதில் பாயும் மின்னோட்டத்திலிருந்து வெப்பநிலையையும் எலக்ட்ரான் அடர்த்தியையும் கண்டார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்!

அந்தக் கம்பிக்காகத்தான் நான் ஊர் ஊராகப் பேசிவருகிறேன். வேண்டியவை இவ்வளவுதான்: காற்றை வெளியேற்றும் ரோட்டரி பம்ப், கண்ணாடிக் குழாய், ஒரு கிலோவோல்ட் மின்வழங்கி, தொடர் மின்தடை. மின்தடையை விட்டுவிட்டால் மின்னோட்டம் கட்டுமீறி மின்வில்லாக (ஆர்க்) மாறிவிடும். 0.3 மில்லிமீட்டர் டங்ஸ்டன் கம்பியின் நுனியை மட்டும் வெளியே விட்டு மற்றதைப் பீங்கான் குழலுக்குள் வையுங்கள். கம்பியின் மின்னழுத்தத்தை எதிர்மத்திலிருந்து மெல்ல ஏற்றி மின்னோட்டத்தைக் குறியுங்கள். அயனி மின்னோட்டத்தை முதலில் கழித்துவிட்டு, எலக்ட்ரான் மின்னோட்டத்தின் மடக்கையை வரையுங்கள். நேர்க்கோட்டுச் சரிவின் தலைகீழே எலக்ட்ரான்வோல்ட்டில் வெப்பநிலை.

ஏற்றும்போது ஒரு வளைகோடு, இறக்கும்போது வேறொன்று வந்தால் நுனியில் அழுக்கு. வலுவான எதிர்மின்னழுத்தம் தந்து அயனிகளை மோதவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். தெறித்த உலோகம் பீங்கானில் படிந்து நுனியைத் தொட்டால் பரப்பு கூடும், அடர்த்தி பொய்யாக உயரும். பானையில் எந்த இடத்துச் சோற்றை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். சுவரை ஒட்டி எலக்ட்ரான்கள் குறைந்து நிற்கும் மெல்லிய அடுக்கான உறைக்குள் அளக்காதீர்கள்.

அலைவுக்கும் காந்த அடைப்புக்கும் நேரமில்லை. எந்த வெப்பநிலையில் வாயு எவ்வளவு அயனியாகும் என்று சொல்லும் அயனியாக்கச் சமன்பாட்டை 1920-இல் இயற்பியலாளர் மேகநாத சாகா தந்த நாடு இது. அதைத் தேர்வுத்தாளில் மட்டும் எழுதவைப்பது நியாயமா? முதுகலை இயற்பியல் நடத்தும் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு மின்னிறக்கக் குழாய் வேண்டும். இதைத் தீர்மானமாக முன்மொழியுமாறு தலைவர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.