உங்கள் கணினி எதற்காகக் காத்திருக்கிறது?

[திரையில்: பழைய மேசைக் கணினி ஒன்று. விண்டோஸ் முகப்பு வந்த பிறகும் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பின்னணி இசை இல்லை. வன்தட்டின் கரகரப்பு மட்டும்.]

கணினி மெதுவாகிவிட்டால் வீட்டில் முதலில் எழும் குரல், "வைரஸ் புகுந்துவிட்டது." அடுத்த குரல், "குப்பை சேர்ந்துவிட்டது, சுத்தம் செய்ய வேண்டும்." மூன்றாவது குரல் இணையத்திலிருந்து வரும்: "இதை இறக்கிக்கொள்ளுங்கள், ஒரே கிளிக்கில் வேகம் கூடும்." மூன்றையும் சற்று ஒதுக்கி வைப்போம். மெதுவாக இயங்கும் கணினி ஏதோ ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. எதற்காக என்பதைக் காட்டும் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. அதைப் பார்க்கும் வரை எந்தக் கோப்பையும் அழிக்காதீர்கள்.

[திரையில்: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளும் ஒன்றாக அழுத்தப்படுகின்றன. டாஸ்க் மேனேஜர் திறக்கிறது.]

இதுதான் டாஸ்க் மேனேஜர். சிறிய சன்னலாகத் திறந்தால் கீழே உள்ள 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதை அழுத்துங்கள். மேலே நான்கு நெடுவரிசைகள் தெரியும்: சிபியு (கணினியின் மூளை), மெமரி (ராம் எனும் தற்காலிக நினைவகம்), டிஸ்க் (கோப்புகளைச் சேமிக்கும் வட்டு), நெட்வொர்க். கணினி காத்திருப்பது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுக்காகத்தான். எந்தத் தலைப்பை அழுத்துகிறீர்களோ அதை அதிகம் பயன்படுத்தும் நிரல் மேலே வந்து நிற்கும்.

இந்த மேசைக் கணினியில் 4 ஜிபி ராம், 1 டிபி வன்தட்டு. டிஸ்க் நெடுவரிசையைப் பாருங்கள்: 100 சதவீதம், சிவந்து நிற்கிறது. இதைப் பார்த்ததும் பலர் வன்தட்டில் இடம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் படங்களை அழிக்கத் தொடங்குகிறார்கள். இந்த எண்ணுக்கும் இடத்துக்கும் தொடர்பே இல்லை. வன்தட்டு ஒரு நொடிகூட ஓய்வின்றி வேலை செய்கிறது என்பது மட்டுமே அதன் பொருள்.

அதே வரியில் வேகத்தையும் பாருங்கள். விநாடிக்கு 1 எம்பி கூட இல்லை. முழு மூச்சாக உழைத்தும் இவ்வளவுதானா?

[திரையில்: வன்தட்டின் உள்பகுதி. சுழலும் தட்டு, முன்னும் பின்னும் நகரும் ஊசி போன்ற கை.]

வன்தட்டுக்குள் சுழலும் தட்டு இருக்கிறது. அதன்மேல் நகரும் கை இருக்கிறது. கேட்ட தகவல் இருக்கும் இடத்துக்கு அந்தக் கை நகர்ந்து, தட்டு சுழன்று அந்த இடம் வரும் வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் ஏறத்தாழ 10 மில்லி விநாடி. அப்படியானால் விநாடிக்குச் சுமார் 100 கோரிக்கைகள். ஒவ்வொன்றும் 4 கேபி துண்டு என்றால் மொத்தம் 400 கேபி. ஒரே பெரிய திரைப்படக் கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது இதே வன்தட்டு விநாடிக்கு 100 எம்பி தரும். விண்டோஸ் தொடங்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள். ரேஷன் கடையில் அரிசிக்கு ஒரு வரிசை, பருப்புக்கு ஒரு வரிசை, எண்ணெய்க்கு ஒரு வரிசை என்று ஒவ்வொன்றுக்கும் கடைசியிலிருந்து நின்று வாங்குவது போன்ற நிலை இது.

வன்தட்டுக்கு மாற்றாக வந்த எஸ்எஸ்டி என்ற சேமிப்புக் கருவியில் நகரும் பாகமே கிடையாது. சிறு துண்டுகளை விநாடிக்குப் பல்லாயிரம் முறை எடுத்துத் தரும். அதனால் பழைய கணினிக்கு ஒரே ஒரு செலவு செய்ய முடியும் என்றால் அது எஸ்எஸ்டிக்கான செலவாக இருக்கட்டும். சாட்டா என்ற இணைப்பு கொண்ட 2.5 அங்குல வகை பெரும்பாலான பழைய மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் பொருந்தும். விண்டோஸுக்கு 256 ஜிபி போதும். மேசைக் கணினியில் பழைய வன்தட்டு படங்களுக்கும் பாடல்களுக்கும் உள்ளேயே இருக்கட்டும். வேறு எந்த 'சுத்தமும்' இதன் அருகில் வராது.

வாங்குவதற்கு முன் டிஸ்க் வரிசையில் மேலே நிற்பது யார் என்று பாருங்கள். விண்டோஸ் அப்டேட், 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' என்ற பெயரில் ஓடும் விண்டோஸின் வைரஸ் தடுப்பான் டிஃபெண்டர், கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் ஒன்டிரைவ் ஆகியவை நின்றால் உங்கள் கணினி ஞாயிற்றுக்கிழமைக் கணினியாக இருக்கலாம். வாரத்தில் ஒரே ஒரு நாள், அதுவும் மின்கட்டணம் கட்டவோ பிள்ளைகளின் விண்ணப்பத்தை அச்சிடவோ திறக்கிறீர்கள். ஒரு வாரமாகத் தேங்கிய புதுப்பித்தல்களும் வைரஸ் சோதனையும் அந்த அரை மணி நேரத்திலேயே முண்டியடிக்கின்றன. வேலை முடிந்ததும் அணைத்துவிடுகிறீர்கள். அவை பாதியில் நிற்கின்றன. அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை. ஒரு நாள் மாலை கணினியைத் திறந்து, இணையத்தோடு இணைத்து, எதையும் தொடாமல் சில மணி நேரம் விட்டுவிடுங்கள். பல வீடுகளில் இதுவே மருந்து.

[திரையில்: மெமரி நெடுவரிசை, 93 சதவீதம்.]

அடுத்து மெமரி. ராம் நிரம்பிவிட்டால் விண்டோஸ் அப்போதைக்குத் தேவைப்படாதவற்றை வன்தட்டில் உள்ள 'பேஜ் ஃபைல்' என்ற கோப்புக்கு மாற்றிவிடும். தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். அப்படியானால் ராம் பற்றாக்குறை டிஸ்க் நெடுவரிசையிலும் 100 சதவீதமாகத் தெரியும். இரண்டும் சேர்ந்து சிவந்திருந்தால் குற்றவாளி பெரும்பாலும் ராம்தான். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. உலாவியில் பத்து தாவல்களைத் திறந்து பார்த்தால் அந்தக் குறைந்தபட்சம் எவ்வளவு குறைந்தது என்று புரியும். 8 ஜிபி இருந்தால் நிம்மதி.

'ராம் பூஸ்டர்' என்று விற்கப்படுபவை என்ன செய்கின்றன தெரியுமா? ராமில் இருப்பவற்றை வலுக்கட்டாயமாக வெளியே தள்ளுகின்றன. எண் குறைந்ததாகத் தெரியும். தள்ளப்பட்டவை திரும்பத் தேவைப்படும்போது வன்தட்டிலிருந்து வரவேண்டும். வேகம் கூடாது, குறையும்.

சிபியு உச்சத்தில் நின்றால் யார் என்று பார்த்து அதை மூடுங்கள். கணினியின் விசிறி இரைகிறது, அதன் உடல் சுடுகிறது, ஆனால் டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் வேகம் ஒரு ஜிகாஹெர்ட்ஸுக்கும் கீழே கிடக்கிறது என்றால் வெப்பத்தால் சிபியு தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்கிறது. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு, ஊதுகருவியால் தூசியை வெளியேற்றுங்கள். ஈரத்துணி வேண்டாம். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்துப் பயன்படுத்துபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

[திரையில்: டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதி.]

கணினியோடு சேர்ந்து எழும் நிரல்களின் பட்டியல் இது. கடைசி நெடுவரிசையில் 'ஹை' என்று இருந்தாலே ஆபத்து என்று பொருள் இல்லை. தொடங்கும்போது ஒரு விநாடிக்கு மேல் சிபியு நேரமோ 3 எம்பிக்கு மேல் டிஸ்க் பயன்பாடோ இருந்தால் போதும், விண்டோஸ் 'ஹை' என்று எழுதிவிடும். அரட்டை நிரல், விளையாட்டு நிரல், பாட்டு நிரல், அச்சுப்பொறி நிறுவனத்தின் விளம்பர நிரல் ஆகியவற்றை வலது கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுக்கலாம். அவை அழிந்துவிடாது, நீங்கள் திறக்கும்போது திறக்கும். ஒலி, டச்பேட், விண்டோஸ் செக்யூரிட்டி என்ற பெயர்களைத் தொட வேண்டாம்.

புதுக் கணினியோடு வந்த இலவசக் காலப் பாதுகாப்பு மென்பொருள் காலாவதியாகி, தினமும் பணம் கேட்டு எட்டிப் பார்க்கிறதா? அதை முழுமையாக நீக்குங்கள். நீக்கியதும் விண்டோஸின் டிஃபெண்டர் தானாகவே பொறுப்பேற்றுக்கொள்ளும். வீட்டுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

இனி ஒரு விசித்திரம். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் சிபியுவை அழுத்தினால் கீழே 'அப் டைம்' என்று இருக்கும். நேற்று இரவு ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் தூங்கினீர்கள். இது மட்டும் 23 நாட்கள் என்கிறது. பொய்யில்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் நிரல்கள் மூடப்படும். விண்டோஸின் மையப் பகுதியோ அப்படியே வன்தட்டில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அங்கிருந்தே எழுந்துகொள்ளும். அதனால் மையத்தில் ஏற்பட்ட கோளாறும் மறுநாள் சேர்ந்தே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அச்சுப்பொறி தெரியவில்லை, ஒலி வரவில்லை, வைஃபை இணையவில்லை என்றால் அணைத்துப் போடுவதற்குப் பதிலாக ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள்.

[திரையில்: செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ்.]

விண்டோஸ் இருக்கும் சி டிரைவில் உண்மையிலேயே இடம் தீர்ந்து சிவந்திருந்தால் இங்கே வாருங்கள். 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்பதற்குள் போனால் நீக்கக்கூடியவற்றின் பட்டியல் வரும். பழைய விண்டோஸ் பதிப்பின் நகல் இருந்தால் அதுவே பல ஜிபி பிடித்திருக்கும். புதிய பதிப்பு ஒழுங்காக இயங்குகிறது என்றால் அதை நீக்கலாம்.

அந்தப் பட்டியலில் ஒரு பொறி இருக்கிறது: 'டவுன்லோட்ஸ்'. அதைக் குப்பைகளோடு சேர்த்து ஏன் வைத்தார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை. பிறப்புச் சான்றிதழ், வரிக் கணக்கு, பிள்ளையின் ஹால் டிக்கெட் எல்லாம் பெரும்பாலான வீடுகளில் அங்கேதான் கிடக்கின்றன. எல்லாப் பெட்டிகளையும் மடமடவென்று டிக் செய்தால் அவையும் போய்விடும்.

[திரையில்: "உங்கள் கணினியில் 1,347 பிழைகள்!" என்ற போலி எச்சரிக்கை.]

இனி அந்த ஒரே கிளிக் மென்பொருள்களுக்கு வருவோம். அவை முதலில் காட்டுவது ரெஜிஸ்ட்ரி பிழைகள். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் அமைப்புகள் எழுதப்பட்ட தரவுத்தளம். நீக்கிய நிரலின் சில வரிகள் அதில் மிஞ்சியிருக்கலாம். அவற்றை யாரும் தேடிப் படிப்பதில்லை என்பதால் வேகம் குறைவதும் இல்லை. தவறான வரியை நீக்கினால்தான் தலைவலி. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாம் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது.

பெயர்பெற்ற மென்பொருள் என்றாலும் நிலைமை மாறாது. 2017-இல் சிகிளீனர் என்ற பிரபலமான சுத்தம் செய்யும் மென்பொருளின் 5.33 பதிப்புக்குள் தாக்குதல்காரர்கள் தீநிரலை (மால்வேர்) புகுத்திவிட்டார்கள். நிறுவனத்தின் சொந்தக் கையொப்பத்தோடு அது 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கடைக்குக் கொண்டுபோனால்? அமெரிக்காவின் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் 'பிசி ஹெல்த் செக்' என்று ஒரு சோதனை நடத்தினார்கள். தொடக்கத்தில் நான்கு கேள்விகள்: கணினி மெதுவாக இருக்கிறதா, எச்சரிக்கைகள் வருகின்றனவா என்பது போல. ஒன்றுக்கு ஆம் என்றாலே, சோதனையில் என்ன தெரிந்தாலும், தீநிரல் அறிகுறி என்று முடிவு வரும். பழுதுபார்க்கப் பணம் கேட்பார்கள். 2019-இல் நுகர்வோரைப் பாதுகாக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. ஆஃபீஸ் டிப்போவும் மென்பொருள் தந்த சப்போர்ட்.காமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன.

திரையின் வலது மூலையில் "வைரஸ் தாக்கியுள்ளது" என்று அடிக்கடி வருகிறதா? அது பெரும்பாலும் வைரஸே இல்லை. ஏதோ ஒரு இணையதளத்தில் 'அலோ' என்ற பொத்தானை அழுத்தி அறிவிப்பு அனுப்ப அனுமதி கொடுத்திருப்பீர்கள். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், தெரியாத தளங்களை நீக்குங்கள். முழுத்திரையை அடைத்துக்கொண்டு தொலைபேசி எண்ணைக் காட்டினால் அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது. டாஸ்க் மேனேஜரில் உலாவியை மூடினால் போதும். ஏற்கெனவே அழைத்துப் பணமும் போய்விட்டது என்றால் இணையத்தைத் துண்டித்துவிட்டு வங்கிக்குச் சொல்லுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழையுங்கள்.

வன்தட்டிலிருந்து 'டக், டக்' என்று ஒலி வந்தாலோ, கோப்புறை திறக்க நிமிடக்கணக்கில் ஆனாலோ சோதனை, ஸ்கேன், பழுதுநீக்கல் எதுவும் வேண்டாம். அவை எல்லாமே சாகக் கிடக்கும் வன்தட்டை மேலும் ஓட வைக்கும். முதலில் படங்களையும் ஆவணங்களையும் வெளியே நகலெடுங்கள். அதன்பிறகு வன்தட்டின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலில் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் 'காஷன்' என்று வந்தால் அந்த வன்தட்டை நம்பாதீர்கள்.

எல்லா இணையதளங்களும் பாதுகாப்புச் சான்றிதழ் பிழை என்கின்றனவா? கடிகாரத்தைப் பாருங்கள். சான்றிதழ் செல்லுமா என்பதைக் கணினி தன் தேதியை வைத்தே பார்க்கிறது. தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. கைக்கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் கடைசி வழி, செட்டிங்ஸின் ரெகவரி பகுதியில் உள்ள 'ரீசெட் திஸ் பிசி'. அது விண்டோஸை மீண்டும் புதிதாக நிறுவும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஆகவே கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கும் என்றால் இந்த வேலையோடு சேர்த்தே அதற்கு மாறிவிடலாம், ஒரே உழைப்பில் முடிந்துவிடும்.

'கீப் மை ஃபைல்ஸ்' என்று தேர்ந்தெடுத்தால் ஆவணங்கள் இருக்கும். நீங்கள் நிறுவிய நிரல்கள் எல்லாம் போய்விடும். வன்தட்டின் நகலை வெளியே எடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்களும் அழைப்பிதழ்களும் உங்களிடம் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்புகளை விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து முதலில் பென் டிரைவுக்கு நகலெடுங்கள். அவை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோட் அல்ல. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், கோப்பு பத்திரமாக இருந்தும், பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.

[திரையில்: ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினி பென் டிரைவுக்கு நகலாகிறது. பிறகு 'ரீசெட்' பொத்தான்.]