கட்டியவர்கள் அல்ல, காத்தவர்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

போலந்தின் கிராக்கோவ் நகரம் இன்றும் உலகம் வியக்கும் பழம்பெரும் நகரமாக நிற்பதற்குப் பெரிதும் காரணம் அதைக் கட்டியவர்களா, காத்தவர்களா? எனக்கு முன்னால் பேசிய நண்பர் கட்டியவர்களே என்று மன்னர்களை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினார். 1257-இல் அளந்து போட்ட தெருக்கள், பக்கத்துக்குச் சுமார் 200 மீட்டர் நீளும் சந்தைச் சதுக்கம், 1364-இல் மன்னர் காசிமிர் தொடங்கிய பல்கலைக்கழகம். எல்லாம் உண்மை, ஒன்றைக்கூட மறுக்கவில்லை. ஆனால் ஐயா, அந்த நகரைச் சுற்றி எழுப்பிய மதில் எங்கே?

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். மதில் இருந்த இடத்தில் இன்று பிளான்டி என்ற பூங்கா நகரைச் சுற்றி ஓடுகிறது. வடக்கில் மட்டும் புளோரியன் வாசலும், அதை ஒட்டிய மதில் துண்டும், எதிரே பார்பிக்கன் என்ற வட்டக் கோட்டையும் நிற்கின்றன. அவை தப்பியது எப்படி? ஃபெலிக்ஸ் ரத்வான்ஸ்கி என்ற பேராசிரியர் நகர ஆட்சி மன்றத்தில் போராடினார். மதில் போனால் வடகாற்று நேராக ஊருக்குள் புகுந்து மக்களை நோயில் தள்ளும் என்று வாதாடினார். கோட்டையின் பெருமையைச் சொன்னால் கேட்கமாட்டார்கள், உடம்புக்கு வரும் என்றால் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மனிதரின் பிடிவாதம் அந்த வாசலைக் காப்பாற்றியது. அதே காலத்தில், 1820-இல், சதுக்கத்தின் நடுவே இருந்த பழைய நகர மன்றக் கட்டடத்தை இடித்தார்கள். கோபுரம் மட்டும் தனியாக நிற்கிறது. அதையும் கட்டியவர்கள்தானே கட்டினார்கள்? கட்டியது மட்டும் போதும் என்றால் அது இன்று முழுதாக நிற்க வேண்டாமா?

சரி, வாவெல் குன்றுக்கு வருவோம். மன்னர்கள் முடிசூடிய பேராலயமும் அவர்கள் வாழ்ந்த அரண்மனையும் அங்கேதான் இருக்கின்றன. எதிரணியின் பெரிய ஆயுதமே அதுதான். பிற்காலத்தில் நகரைப் பிடித்து ஆண்ட ஆஸ்திரியாவின் படை அந்த அரண்மனையைச் சிப்பாய்கள் தங்கும் இடமாக்கியது. குன்றின் மேல் இருந்த இரண்டு பழைய தேவாலயங்கள் தரைமட்டமாயின. படையை வெளியேற்ற வேறு இடத்தில் குடியிருப்புகள் கட்டித்தர வேண்டியிருந்தது. அதற்குப் பணம் தேவைப்பட்டது. 1905-இல்தான் அரண்மனை திரும்பக் கிடைத்தது. அதற்கு அப்புறம் சீரமைப்புக்குப் பொதுமக்கள் நன்கொடை கொடுத்தார்கள். குன்றுக்கு ஏறும் பாதையின் ஓரச் சுவரில், கொடுத்தவர்களின் பெயர் பொறித்த கற்கள் இன்றும் பதிந்திருக்கின்றன. அரண்மனைக்குப் போகிறவர்கள் மன்னரின் பெயரைப் படிப்பதற்கு முன்பே அந்தப் பெயர்களைக் கடந்துதான் போக வேண்டும். எனக்கு அந்த அரண்மனையை விட அந்தச் சுவர்தான் பெரிது, நடுவர் அவர்களே.

மரியாள் பேராலயத்தின் பலிபீடத்தைப் பற்றி எதிரணி இன்னும் பேசவில்லை, பேசுவார்கள். வைட் ஸ்டோஸ் என்ற சிற்பி 1477 முதல் 1489 வரை செதுக்கிய மரச் சிற்பம் அது. உயரம் ஏறத்தாழ 13 மீட்டர். பணம் கொடுத்தது மன்னர் அல்ல, நகரத்து மக்கள். 1939-இல் போர் வரப்போகிறது என்று தெரிந்ததும் அதைப் பிரித்து, பெரிய சிலைகளைப் படகில் ஏற்றி விஸ்டுலா ஆற்று வழியாக அனுப்பி ஒளித்துவைத்தார்கள். நாஜிகள் கண்டுபிடித்து ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். கலை வரலாற்றறிஞர் கரோல் எஸ்ட்ரைக்கர் தேடிக் கண்டடைந்து, 1946-இல் ரயிலில் ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். பழுது பார்த்து மறுபடி ஆலயத்தில் நிறுத்த 1957 ஆகிவிட்டது. செதுக்க 12 ஆண்டு. பிரித்த நாளிலிருந்து திரும்ப நிறுத்த 18 ஆண்டு. எந்த வேலை கடினம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்தக் காவல் இன்னும் முடியவில்லை. நிலக்கரிப் புகை கற்களையும் அரித்தது, மனிதர்களின் நுரையீரலையும் அரித்தது. மக்கள் அமைப்பாகத் திரண்டு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2019 செப்டம்பர் முதல் அந்த நகரத்தில் நிலக்கரியும் விறகும் எரிக்கக் கூடாது என்று தடை வந்தது.

இப்போது எதிரணியின் முக்கியமான கேள்வி: "கட்டாமல் எதைக் காப்பீர்கள்?" நல்ல கேள்விதான். அதற்குப் பதில் கசிமியெஷ் பகுதியில் இருக்கிறது. 1335-இல் காசிமிர் தன் பெயரிலேயே நிறுவிய ஊர் அது. பல நூற்றாண்டுகள் யூத மக்கள் அங்கே தொழுதார்கள், படித்தார்கள், வணிகம் செய்தார்கள். போருக்கு முன் கிராக்கோவின் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு யூதர்கள். நாஜிகள் அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றார்கள். சுவர்கள் பல நின்றன, தொழுகைக் கூடங்கள் நின்றன. ஆனால் பல பத்தாண்டுகள் அந்தப் பகுதி பாழடைந்து கிடந்தது. மன்னர் கட்டியது அங்கேதான் இருந்தது. காத்தவர்கள் இல்லை. ரெமு தொழுகைக் கூடத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில், உடைந்துபோன கல்லறைக் கற்களின் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து ஒரு சுவரே எழுப்பியிருக்கிறார்கள். அந்தத் துண்டுகளைப் பொறுக்கியவர்கள் கட்டியவர்களா, காத்தவர்களா?

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மன்னர்களிடம் போகட்டும். தீர்ப்பு உங்களிடம், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.